மலையேறி ஒரு நாள்: பர்லியார் பழமும் கோத்தகிரி பங்களாவும்

"டாக்டர், ஒரே ஒரு நாள் எங்கேயாவது காத்தோட்டமா போயிட்டு வரணும். குழந்தைங்களுக்கு நாலு விஷயம் தெரிஞ்ச மாதிரியும் இருக்கணும், பெரியவங்க உடம்புக்கும் ஒத்துக்கணும்!" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. காலையில் பழத்தோட்டம், மாலையில் ஒரு பழைய பங்களா. இரண்டும் நீலகிரி மலையில்தான். கோவையிலிருந்து கிளம்பினால் இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடலாம்.

ஒவ்வொரு வருஷமும் பழ சீசனில், அதாவது ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் ஒரு நாள் பார்த்து, என்னிடம் வைத்தியத்துக்கு வரும் குடும்பங்களிலிருந்து இருபது பேரை ஒரு வேனில் கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். கூடவே தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் வருவார். மரத்தைப் பற்றி அவர் சொல்லுவார். அந்த மரத்தின் பழம் வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை நான் சொல்லுவேன். அந்த வேனில் உங்களுக்கும் ஒரு சீட் போட்டாச்சு. வாருங்கள், போவோம்.

புறப்படும் முன்

காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குப் போக இ-பாஸ் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. முந்தின நாளே அதை முடித்து விடுங்கள். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பைக்கும் தடை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், ஆளுக்கொரு துணிப்பை, ஒரு ஸ்வெட்டர், குடை இவை போதும். கனமழை எச்சரிக்கை வந்திருந்தால் யோசிக்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த மலைப்பாதையில் மண் சரிவது புதிதல்ல.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லா வருஷமும் ஒருவராவது இருக்கிறார்கள்! இருதய நோய், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூரோ சுமார் 1,850 மீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் இவ்வளவு ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் போதும். கைக்குழந்தை அழுதால் பால் கொடுங்கள்; விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

மேட்டுப்பாளையத்தில் டிபன். இரண்டு மூன்று இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூரிக்கும் வடைக்கும் இன்று லீவு. பதினாலு கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன! வாந்தி வரும் சுபாவம் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் ஏறக்கூடாது. முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் தெரியும் மலையைப் பாருங்கள். புத்தகம், செல்போன் கூடாது. சுண்டைக்காய் அளவு இஞ்சியை உப்புத் தொட்டு மென்று சாற்றை மெதுவாக விழுங்கலாம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் இஞ்சிக்குப் பதிலாக ஒரு ஏலக்காயையோ, நெல்லி வற்றலையோ வாயில் அடக்கிக் கொள்ளட்டும்.

காலை 7.30: கல்லாறு — அடிவாரமும் காய்ச்சலும்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகள். அடுத்து கல்லாறு. இங்கே 1900-ல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. ஆனால் இது யானைகள் காலம் காலமாக மலை ஏறி இறங்கும் வழித்தடம். பண்ணையை இங்கிருந்து மாற்றும் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதனால் கல்லாறை வண்டியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டு நகர்ந்து விடுவோம். யானையின் வாசலில் நின்று செல்ஃபி எடுக்கவும் வேண்டாம்.

இங்கே வண்டி மெதுவாகப் போகும்போது நான் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லுவது வழக்கம். நம் சித்த மருத்துவ நூலான பதார்த்த குண சிந்தாமணி ஒவ்வொரு நிலத்துக்கும் என்ன வியாதி என்று பிரித்துச் சொல்கிறது. மலையும் மலை சார்ந்த குறிஞ்சி நிலத்துக்கு அது சொல்லும் வியாதி என்ன தெரியுமா? இரத்தத்தை உறிஞ்சும் சுரம், வயிற்றில் வளரும் கட்டி! இன்றைய வைத்தியர் படித்தால், "அட, இது மலேரியாவும் மண்ணீரல் வீக்கமும் மாதிரி இருக்கே!" என்பார். அடிவாரக் காட்டில் அந்தக் காலத்தில் மனிதர்களை வாட்டிய காய்ச்சல் அதுதான். கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல்தான். அதற்கு முன்னால், "காட்டுக் காற்று பட்டால் காய்ச்சல்" என்று வெள்ளைக்காரர்களும் நம்பினார்கள். மேலே ஏறிவிட்டால் காய்ச்சல் வருவதில்லை என்பதை மட்டும் கவனித்தார்கள். உயரமும் குளிரும் கூடக் கூடக் கொசு குறையும், கொசுவுக்குள் கிருமியும் வளர முடியாது, காரணம் அவ்வளவுதான்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பங்களாவைப் பார்க்கும்போது உபயோகப்படும்.

காலை 8.30: பர்லியார் — சாதிக்காயும் மங்குஸ்தானும்

வளைவுகளில் ஏறி பர்லியார் வந்தால், ரோட்டோரம் வரிசையாகப் பழக்கடைகள். அரசின் பழப்பண்ணையும் இங்கேதான். 1871-லிருந்து அரசின் கையில் இருக்கும் தோட்டம் இது. உள்ளே போய்ப் பார்க்க, முன்கூட்டியே தோட்டக்கலைத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமவெளியின் சூடும் இல்லை, மலை உச்சியின் குளிரும் இல்லை. நல்ல ஈரம், நல்ல நிழல். அதனால்தான் மலேயா, ஜாவா பக்கத்து மரங்களெல்லாம் இங்கே சொந்த ஊர் மாதிரி வளர்கின்றன. குழந்தைகளை முதலில் சாதிக்காய் மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். பழுத்த காய் இரண்டாகப் பிளந்திருக்கும். உள்ளே கருப்பான கொட்டை, அதன்மேல் சிவப்புப் பட்டுநூல் சுற்றியது போல ஒரு வலை. அந்தச் சிவப்பு வலைதான் சாதிபத்திரி. கொட்டைக்குள் இருக்கும் பருப்புதான் நம் அஞ்சறைப் பெட்டிச் சாதிக்காய். வெளிச் சதையில் ஊறுகாய் போடுவார்கள். இந்த மரத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரம் மட்டும்.

சாதிக்காய் நம் வைத்தியத்தில் முக்கியமான சரக்கு. கழிச்சலைக் கட்டும், வாயுவைத் தணிக்கும், தூக்கத்தைத் தரும் என்பார்கள். பாட்டிமார்கள் குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் உரை மருந்திலும் இது உண்டு. ஆனால் அளவு மீறினால் சாதிக்காய் விஷம்! தலைசுற்றல், படபடப்பு, வாய் உலர்தல், சித்தம் கலங்கியது போன்ற பேச்சு எல்லாம் வரும். "குழந்தை நல்லாத் தூங்கட்டும்" என்று நீங்களாகவே உரசிக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தைக்கு எந்த மருந்தானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

பக்கத்திலேயே கிராம்பு, இலவங்கப்பட்டை, சர்வசுகந்தி மரங்கள். கிராம்பு என்பது விரியாத பூமொட்டைக் காய வைத்தது என்று சொன்னால், பெரியவர்களே ஆச்சரியப்படுகிறார்கள்!

அடுத்து மங்குஸ்தான். நம் ஊர்க் கொடம்புளியின் ஒன்றுவிட்ட சகோதரி. ஊதா நிறப் பழத்தைத் திருப்பி, அடியில் இருக்கும் பூப்போன்ற முத்திரையின் இதழ்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு இதழ் இருந்தால் உள்ளே ஆறு சுளை. ஏழு இருந்தால் ஏழு. குழந்தைகள் பந்தயம் கட்டி விளையாடலாம். தோலில் துவர்ப்பு அதிகம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் நாட்டு வைத்தியத்தில் அந்தத் தோலைக் கழிச்சலுக்குக் கொடுப்பார்கள். நம் ஆறு சுவைக் கணக்குப்படியும் துவர்ப்பு கட்டும் குணம் உள்ளது. அந்தச் சாறு துணியில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை!

"மங்குஸ்தான் ஜூஸ் குடிச்சா கேன்சர் போயிடுமாமே சார்?" என்று வேனில் யாராவது கேட்டுவிடுவார்கள். தோலில் உள்ள சில பொருள்களை வைத்துச் சோதனைக் கூடத்தில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மனிதனின் புற்றுநோயை இந்த ஜூஸ் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ருசியான பழம். ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

ரம்புட்டான் வாங்கினால் சின்னக் குழந்தைகளுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கொட்டையை எடுத்துவிட்டு, சதையைத் துண்டாக்கிக் கொடுங்கள்.

கையில் பழம் இருந்தால் குரங்கு வரும். பிடுங்கினால் விட்டு விடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். கடித்தாலோ, லேசாகக் கீறினாலோகூட உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

துரியன்: கொஞ்சம் மனசுவிட்டுப் பேசுவோம்

பர்லியார் கடைகளில் சீசனில் சத்தமில்லாமல் ஒரு வியாபாரம் நடக்கும். தலையைக் குனிந்தபடி ஒரு தம்பதி வருவார்கள். கூடவே மாமியாரோ, அக்காவோ இருப்பார்கள். முள் முள்ளாக, பலாவின் தம்பி போல் இருக்கும் ஒரு பழத்தை, சொன்ன விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அதுதான் துரியன். "இதைச் சாப்பிட்டா குழந்தை தங்கும்" என்பது பல வருஷமாக உலவும் நம்பிக்கை.

முதலில் பழத்தைப் பற்றிச் சொல்கிறேன். துரியன் போர்னியோ, சுமத்ரா காடுகளின் பழம். பார்க்கப் பலா மாதிரி இருந்தாலும், இலவ மரத்துக்குத்தான் சொந்தம். சிலருக்கு அதன் வாசனை அமிர்தம், சிலருக்குக் குமட்டல். நூறு கிராம் துரியனில் ஏறத்தாழ 150 கலோரி இருக்கிறது. அதே எடை மாம்பழத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! மாவும் கொழுப்பும் பொட்டாசியமும் நிறைந்த சத்தான பழம். அதனால்தான் சர்க்கரை நோயாளிகளும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. மது அருந்துகிறவர்கள் இரண்டையும் சேர்க்கவே கூடாது.

சரி, குழந்தை? துரியன் சாப்பிட்டதால் கர்ப்பம் உண்டாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டியது என் கடமை.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம். என்னிடம் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு முப்பத்து நாலு வயது. "மூணு சீசனாத் துரியன் சாப்பிடறேன் சார். நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கறேன். ஏன் நிக்கலை?" என்று கேட்டாள். நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா தம்பி?" என்றேன். "எனக்கெதுக்கு சார்? எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார். "துரியன் நீங்க சாப்பிட்டீங்களா?" "இல்லைங்க, அவதான்..."

அடுத்த வாரமே பரிசோதனைக்கு அனுப்பினேன். அணுக்கள் மிகவும் குறைவு என்று ரிசல்ட் வந்தது. விதைப்பையில் நரம்புச் சுருட்டல். அதற்கு வழி இருக்கிறது, உரிய சர்ஜனிடம் அனுப்பினேன். ஆனால் போன மூன்று வருஷம்? அதை எந்தப் பழத்தோட்டமும் திருப்பித் தராது. பழத்துக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும். பெண்ணின் வயது திரும்பி வருமா?

குழந்தையின்மைக்கான காரணம் பெண்ணிடமும் இருக்கலாம், ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் சேர்ந்தும் இருக்கலாம். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கர்ப்பம் தரிக்கவில்லையா? இருவரும் சேர்ந்து போய்ப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாசத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஆணுக்கான பரிசோதனைதான் இருப்பதிலேயே எளிது. அதை முதலில் செய்யுங்கள். எங்கள் சித்த மருத்துவ லேகியமானாலும் சரி, இந்தப் பரிசோதனைகளுக்குப் பிறகுதான். என்ன கோளாறு என்று தெரியாமல் கொடுப்பது மருந்தே அல்ல.

மாமியார்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருமகளுக்குத் துரியன் வாங்கித் தரும் பணத்தில், மகனுக்கு முதலில் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், அம்மா!

பகல் 11.30: குன்னூர் — பேரியும் பெர்சிமனும்

இன்னும் ஏறினால் குன்னூர். பழங்களின் ஜாதியே மாறிவிடும். பலாவும் பாக்கும் கீழே நின்றுவிட, பேரி, பிளம்ஸ், பீச் எல்லாம் இங்கே ஆட்சி. சிம்ஸ் பூங்காவுக்குப் போவோம். 1874-ல் உருவான பூங்கா. வருஷா வருஷம் மே மாதம் பழக்கண்காட்சி இங்கேதான் நடக்கும். மேடு பள்ளமான பூங்கா. முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியோடு மெதுவாக நடங்கள். கீழே இறங்கினால் மறுபடி ஏற வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்!

இங்கே ஓர் உத்திராட்ச மரம் உண்டு. அதன் கீழே எப்போதும் கூட்டம். "கழுத்தில் கட்டினா பிரஷர் குறையுமா டாக்டர்?" என்பது வழக்கமான கேள்வி. பக்தியோடு அணிவது உங்கள் விருப்பம். அதைக் கட்டிக்கொண்டு மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது.

பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1902-ல் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அதைத் தொடர்ந்து எழுந்த முயற்சியில் 1907-ல் உருவானது இது. வெறிநோய்த் தடுப்பு மருந்து தயாரித்துத் தென்னாட்டில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய இடம். வெளியில் நின்றபடியே குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். காலையில் பார்த்த குரங்கும் ஞாபகத்துக்கு வரும்.

இங்குள்ள தோட்டக்கலைத் துறைப் பண்ணையில் விளையும் பெர்சிமன் ஓர் அதிசயப் பழம். பார்க்கத் தக்காளி மாதிரி, சாப்பிட்டால் தேன் மாதிரி. நம் பனிச்சை மரத்தின் குடும்பம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கிடைக்கும். நன்றாகக் கனிந்ததை மட்டும் சாப்பிடுங்கள். காயாக இருந்தால் நாக்கே மரத்துப்போகும் அளவுக்குத் துவர்க்கும். அந்தத் துவர்ப்புச் சத்து வெறும் வயிற்றில் அதிகமாகச் சேர்ந்தால், நார்ப்பொருளோடு இறுகி வயிற்றில் கல் போலக் கட்டியாகிவிடும். வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இந்தப் பழத்தைத் தவிர்க்கலாம்.

பேரிக்காயைத் தோலோடு கழுவிச் சாப்பிடுங்கள். நல்ல நார்ச்சத்து. மலச்சிக்கலுக்குக் கைகண்ட உணவு. ஒரேயடியாக நாலைந்து சாப்பிட்டால் சிலருக்கு வயிறு கழியும், உப்பும். பிளம்ஸும் பீச்சும் மே முதல் ஜூலை வரைக்கும்தான். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு ஜாமில்தான் தரிசனம்!

மதியம் கட்டுச்சோறு. புளியோதரையும் தயிர்ச்சாதமும் போதும். "காலையிலேர்ந்து பழமாச் சாப்பிட்டாச்சே, எனக்குச் சர்க்கரை ஏறுமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் கணக்கு இதுதான்:

● சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ நூறு கிராம் பழம். ஒரு சின்ன பேரிக்காய் அல்லது நாலைந்து மங்குஸ்தானின் சுளைகள்.

● சாப்பாட்டோடு சேர்க்காமல், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில்.

● கடித்துச் சாப்பிடுங்கள். ஜூஸ், ஸ்குவாஷ், ஜாம் மூன்றும் வேண்டாம்.

● சிறுநீரக நோயாளிகள் எந்தப் பழம், எவ்வளவு என்று தங்கள் டாக்டரைக் கேட்டு வந்த பட்டியலைத் தாண்ட வேண்டாம்.

மாலை 3.00: கன்னேரிமுக்கு — சல்லிவனின் வீடு

குன்னூரிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணி நேரப் பயணம். கோத்தகிரியை ஒட்டிய படகர் கிராமம் கன்னேரிமுக்கு. இங்கேதான் பெத்தக்கல் பங்களா என்று சொல்லப்படும் ஜான் சல்லிவனின் வீடு இருக்கிறது.

அரண்மனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அடக்கமான வீடு. பல வருஷம் பாழடைந்து கிடந்து, பிற்பாடு சீரமைக்கப்பட்டு, இப்போது சல்லிவன் நினைவகமாக இருக்கிறது. நீலகிரியின் பழைய படங்களும் ஆவணங்களும் மலைவாழ் மக்களின் வாழ்க்கை பற்றிய தகவல்களும் வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

சல்லிவன் கோயமுத்தூர் கலெக்டராக இருந்தவர். 1818-ல் அவருடைய உதவியாளர்கள் இருவர் மலையேறிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன சேதி, அவரைச் சும்மா இருக்க விடவில்லை. 1819-ல் அவரே ஏறினார். அப்போது வயது முப்பதைத் தொட்டிருந்தது. அவரோடு ஏறிய பிரெஞ்சுத் தாவர ஆராய்ச்சியாளர் லெஷெனோ, கோவையில் உடம்பு மிகவும் சீர்கெட்டிருந்தவர், மலைக்குப் போனதும் தேறிவிட்டார். சல்லிவனுக்கு அது பெரிய சாட்சியாகப் போயிற்று. காய்ச்சலில் வாடும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்த மலையே மருந்து என்று மேலிடத்துக்கு எழுதினார். முதலில் இந்தக் கன்னேரிமுக்கில் வீடு. 1822-ல் ஊட்டியில் கல் பங்களாவுக்கு அஸ்திவாரம். ஐரோப்பியக் காய்கறி, தானியம், பழ வகைகளையெல்லாம் கொண்டுவந்து பயிரிட்டுப் பார்த்தார். நாம் மதியம் பார்த்த பேரியும் பீச்சும் இந்த மலைக்கு வந்து சேர்ந்த கதை அந்தக் காலத்தில்தான் ஆரம்பிக்கிறது.

"இவர்தான் நீலகிரியைக் கண்டுபிடித்தவர்" என்று சிலர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் இங்கே எத்தனையோ தலைமுறையாக வாழ்ந்துகொண்டுதானே இருந்தார்கள்? ராகி, சாமை, அவரை என்று தின்று, மேட்டிலும் பள்ளத்திலும் உழைத்து, இந்தக் குளிரில் திடமாக இருந்தார்களே! தோடர்களுக்கு இந்த மண்ணில் உரிமை உண்டு என்று பிற்காலத்தில் அரசாங்கத்தோடு வாதாடியவரும் இதே சல்லிவன்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வீட்டின் வாசலில் எல்லாரையும் உட்கார வைத்து, இன்னும் ஒரு விஷயம் சொல்லுவேன். மலைக்காற்றை மருந்து என்று உலகத்துக்குச் சொன்ன அந்த மனிதர், 1838-ல் இதே நீலகிரியில் தன் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார். ஊட்டி ஸ்டீபன் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் உறங்குகிறார்கள். மருந்து மலையிலேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

மலைக்காற்று பொய் என்று நான் சொல்லவில்லை. லெஷெனோவுக்கு உடம்பு தேறியது நிஜம். அடிவாரத்தின் காய்ச்சல் பூமியை விட்டு விலகி, குளிர்ந்த இடத்தில் ஓய்வெடுத்தால் உடம்பு தேறத்தான் செய்யும். காற்று, நடை, பழம், ஓய்வு இவையெல்லாம் உடம்புக்குத் துணை. ஆனால் வந்திருப்பது என்ன வியாதி என்று பார்க்காமல், ஒரு மலையையோ, ஒரு பழத்தையோ நம்பிக் காலத்தைக் கடத்தினால், துணையே வினையாகிவிடும். காலையில் பார்த்த துரியனுக்கும் மாலையில் பார்க்கும் இந்தப் பங்களாவுக்கும் பாடம் ஒன்றுதான்.

போன வருஷம் இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, பக்கத்திலிருந்த மருமகளின் கையைப் பிடித்து, "வர்ற திங்கக்கிழமை நீயும் அவனுமா டாக்டர்கிட்ட போயிட்டு வாங்கடி" என்றார். என் பேச்சுக்கு அதைவிடப் பெரிய கைதட்டல் தேவையில்லை.

மாலை 4.30: இறங்கும்போது

வந்த வழியே திரும்ப வேண்டாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நேர் ரோடு, சுமார் 33 கிலோமீட்டர். வளைவுகள் குன்னூர்ப் பாதை அளவுக்குப் படுத்தாது. வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். இருட்டினால் யானை நடமாட்டம்.

வீட்டுக்கு என்ன வாங்கலாம்? பேரிக்காய் இரண்டு கிலோ. நாலைந்து நாள் தாங்கும். நல்ல கிராம்பும் பட்டையும் கொஞ்சம். மங்குஸ்தான் வாங்கினால் தோல் கல் போல இறுகாமல், அழுத்தினால் லேசாக அமுங்குவதாகப் பார்த்து எடுங்கள். இறுகியிருந்தால் உள்ளே கெட்டிருக்கும். கடையில் அறுத்து வைத்த பழத்தை வாங்கவே வேண்டாம். ஈ மொய்த்த ஒரு துண்டு, ஒரு வாரத்து வயிற்றுப்போக்குக்குப் போதும்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கால் கழுவி, மிளகு ரசமும் சாதமுமாக எளிமையாகச் சாப்பிட்டுப் படுங்கள். நடந்த அலுப்பில் நல்ல தூக்கம் வரும். சாதிக்காய் தேவைப்படாது!